பன்னிரண்டு தைராய்டு

தாபோடி, புனே
12 ஜனவரி 2025

கர்த்தருக்குள் அன்பான அக்கா கிருபாவதி அவர்களுக்குத் தம்பி இன்பநாதன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நான், மகன் ஆஸ்டின், மருமகள் ரீனா மூவரும் சுகம். பேத்தி டானியாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். உங்கள் சுகத்தை நீங்கள் எழுதித்தான் நான் அறிய வேண்டும். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை.

இதை எழுதுவது வழக்கமாக எழுதித் தரும் பாஸ்கர் இல்லை. நான். என் கையால்.

சர்ச் ஹாலில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடக்கிறது. நடத்துவது ராஜி என்ற பெண். கோயம்புத்தூர்க்காரி, விமான் நகரில் கம்ப்யூட்டர் வேலை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக ஆரம்பித்தாள். நான் நாற்காலி எடுத்துப் போடுகிறவன் மாதிரி உள்ளே போய், போட்ட நாற்காலியில் நானே உட்கார்ந்துவிட்டேன். ஏழு மாதம் ஆயிற்று. பிள்ளைகளில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் 'ஞ' போட வந்துவிட்டது. அதை எங்கே பயன்படுத்துவது என்றுதான் தெரியவில்லை.

ஒரே கஷ்டம், இந்த ஊரில் கடைப் பலகையெல்லாம் மராத்தி. நான் படித்த எழுத்துக்கு இங்கே வேலை இல்லை. சர்ச் காலண்டர், பாட்டுப் புத்தகம், அப்பளப் பாக்கெட் மூன்றையும் முடித்துவிட்டேன். அதனால் நீங்கள் நீளமாக எழுத வேண்டும்.

டானியா ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை செய்கிறாள் அல்லவா. ஒரு மாதமாக விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போல் இருக்கிறதாம். போன வாரம் ஒருவருக்கு ரூம் சாவி கொடுக்க நீட்டிய கை அப்படியே மடங்கிக்கொண்டது. விரல் ஐந்தும் குவிந்து, மணிக்கட்டு வளைந்து, பத்து நிமிடம். வீட்டுக்கு வந்து எனக்குக் காட்டினாள். "தாத்தா, தேக்கோ, பாருங்க, நீங்க பென்சில் பிடிக்கிற மாதிரியே" என்று சிரித்தாள். நான் என் கையைப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. அன்றைக்கு நான் எழுதவில்லை.

டாக்டரிடம் போகிறோம். ஜெபித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
இன்பநாதன்
(முழுப் பெயர். எண்ணிப் பாருங்கள், ஆறு எழுத்து.)


பாளையங்கோட்டை
24 ஜனவரி 2025

தம்பி இன்பத்துக்கு அக்கா எழுதுவது. நான் சுகம். பேத்தி ஸ்நேஹா சுகம், மகனும் மருமகளும் சுகம். உங்கள் எல்லோரையும் தேவன் காப்பாராக.

உன் கடிதத்தின் முதல் வரியைப் பார்த்ததும் வேறு வீட்டுக் கடிதமோ என்று தபால்காரரைத் திரும்பக் கூப்பிட்டேன். "அவர்களுக்கு" என்ன, "நீங்கள்" என்ன. பிறந்ததிலிருந்து என்னை "நீ" என்றுதானே கூப்பிடுவாய்? இது பாஸ்கர் எழுதுகிற மரியாதை. இத்தனை வருஷமும் அவன் எழுதி அவனே வாசித்த கடிதங்கள்தான் நமக்குள் போய் வந்தன. இப்போது மட்டும் நீயே எழுதினாய் என்று நான் எப்படி நம்புவது?

ஒன்று கேட்கிறேன். நான் போர்டிங் பள்ளிக்கூடத்துக்குப் போன அன்று என் டிரங்குப் பெட்டிக்குள் நீ என்ன வைத்தாய்? அது பாஸ்கருக்குத் தெரியாது.

அவனைப் பகைத்துக்கொள்ளாதே. நிக்டியில் இருக்கிற அவன் அண்ணன் மகனுக்கு ஸ்நேஹாவைக் கேட்கிறார்கள். அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். நல்ல குடும்பம், நல்ல வேலை. நம் வீட்டுப் பேச்சு எதுவும் அவன் காதில் கோணலாக விழ வேண்டாம்.

டானியாவுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. சத்துக் குறைவாக இருக்கும். கேழ்வரகு கொடு, எள் கொடு. கை மடங்கினால் பிடித்து இழுக்காதீர்கள், தானாக விடும். வெளியே பெரிதாகச் சொல்லிக்கொண்டு திரியாதே, வயசுப் பெண்.

அன்புடன்
கிருபா அக்கா


தாபோடி
5 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா, நீ சுகமாக இருப்பதாக எழுதியது கண்டு சந்தோஷம். இந்த 'நீ' போதுமா?

உன் கேள்விக்குப் பதில்: ஓணான். தீப்பெட்டியில் அடங்கவில்லை என்று சோப்பு டப்பாவில் வைத்தேன். நீ போர்டிங்கில் திறந்து அலறினாய், வார்டன் அம்மா உன்னைத்தான் அடித்தார்கள். இப்போது நம்புகிறாயா?

உன் எழுத்து எவ்வளவு அழகு. ஒவ்வொன்றும் முறுக்கு மாதிரி வட்டமாக இருக்கிறது. ராஜியிடம் காட்டினேன். "எழுபது வயசுலயா இப்படி எழுதறாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

டானியாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டர் ஒரு மராத்தி அம்மா. பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டிக் காற்றடித்தார். நாங்கள் பார்க்கப் பார்க்கக் கை மறுபடியும் பென்சில் பிடித்துக்கொண்டது. உடனே புரிந்துகொண்டார். ரத்தத்தில் கால்சியம் மிகக் குறைவாம். அதைப் பார்த்துக்கொள்ளும் சுரப்பி வேலையை நிறுத்திவிட்டதாம். பெயரை நானே நோட்டில் எழுதிக்கொண்டேன்: பாரா தைராய்டு. வீட்டுக்கு வந்து வாசித்தால் இடிக்கிறது. மராத்தியில் பாரா என்றால் பன்னிரண்டு. பாரா நம்பர் பஸ் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது. ஆக டானியாவுக்குப் பன்னிரண்டு தைராய்டு கெட்டுவிட்டது. எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்று கெட்டாலே கஷ்டம் என்கிறார்கள், பன்னிரண்டை எப்படிச் சரி பண்ணுவார்கள்?

கழுத்தில் ஆபரேஷன் எதுவும் நடக்காமல் இது வந்திருப்பதால், உடம்பின் காவலே தன் சுரப்பியை அடிக்கிறதோ என்று சந்தேகப்படுகிறார். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. முப்பத்தெட்டு வருஷம் பேக்டரி கேட்டில் நின்றவன் நான். எழுத்து தெரியாது, கேட் பாஸின் கலரையும் முத்திரையையும் போட்டோவையும் வைத்து ஆளை விடுவேன். ஒருநாள் மேனேஜரையே நிறுத்திவிட்டேன். போட்டோவில் மீசை இருந்தது, ஆளிடம் இல்லை. டானியாவின் உடம்பிலும் என்னைப் போல ஒருவன் நிற்கிறான் போலிருக்கிறது.

டாக்டர் என்னைப் பார்த்து, "ஆஜோபா, கராத் ஆணகி குணாலா ஆஹே கா?" என்று கேட்டார். தாத்தா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று. கால்சியம், தைராய்டு, வேறு சுரப்பி எதுவானாலும். இப்படிப்பட்ட நோய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வரலாம், வராமலும் போகலாம். குடும்பத்தில் இன்னொருவருக்கு இருந்தால் எங்கே தேட வேண்டும் என்று தெரியும் என்றார். ரீனா பக்கத்தில் யாருக்கும் இல்லை. நம் பக்கத்தை நீதான் சொல்ல வேண்டும். நான் பதினெட்டு வயதில் ஊரைவிட்டு வந்தவன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
இன்பநாதன்


பாளையங்கோட்டை
17 பிப்ரவரி 2025

தம்பிக்கு, தேவ கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். ஓணானை நம்பினேன். அந்த அடிக்கு உன்னிடம் இன்னும் கணக்குத் தீர்க்கவில்லை.

பன்னிரண்டு தைராய்டா? ஸ்நேஹா வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஏல, மனுஷனுக்கு எப்படியடா பன்னிரண்டு இருக்கும். அது பாராதைராய்டு, ஒரே வார்த்தை. நாலே நாலுதான். அரிசி அளவு இருக்கும், தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊரெல்லாம் பன்னிரண்டு என்று சொல்லிச் சிரிப்பாய்ச் சிரிக்க விடாதே.

நம் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் இல்லை. டாக்டரிடம் அப்படியே சொல்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். பாஸ்கரும் கூட வந்திருந்தான். ஸ்நேஹாவைப் பிடித்துவிட்டது. ஈஸ்டர் கழிந்ததும் நிச்சயம் வைக்கலாம் என்கிறார்கள். புனேவிலேயே குடியிருக்கப் போகிறாள், உனக்குத் துணையாக இருக்கும்.

டானியாவை விசாரித்ததாகச் சொல்.

கிருபா அக்கா


தாபோடி
27 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா, உன் கடிதமும் ஸ்நேஹாவின் நல்ல செய்தியும் வந்தன. சந்தோஷம். மற்ற எதுவும் சந்தோஷமாக இல்லை.

நான் உன் கடிதத்தை ஒரு நாளைக்கு ஐந்தாறு வரிதான் படிக்கிறேன். வேகமாகப் படிக்கிறவன் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பான். எனக்குத் தாண்டத் தெரியாது. ஒவ்வொரு எழுத்திலும் நின்றுதான் போக வேண்டும்.

நாலு என்று எழுதியிருக்கிறாய். அரிசி அளவு என்கிறாய். பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் என்கிறாய். இந்த மூன்றில் ஒன்றையும் நான் உனக்கு எழுதவில்லை. எனக்கே டாக்டர் சொல்லவில்லை. டானியாவைக் கேட்டேன். போனில் தேடிப் பார்த்து, "சஹி ஹை தாத்தா, நாலுதான். அத்தைப் பாட்டிக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எனக்கும் அதே கேள்விதான். ஆஸ்டின் உன் மகனுக்குப் போன் பண்ணிக் கேட்டான். "எங்க வீட்ல அப்படி யாருக்குமில்ல" என்று சொல்லிவிட்டு, வேறு எதுவும் பேசாமல் வைத்துவிட்டானாம்.

அக்கா, டானியா இளைத்துக்கொண்டே போகிறாள். கால்சியம் மாத்திரையில் கை மடங்குவது குறைந்துவிட்டது. ஆனால் படி ஏற முடியவில்லை. முகம் கறுத்திருக்கிறது. ரீனா வெயில் என்கிறாள், இன்னும் வெயிலே வரவில்லை. நேற்று அடுப்படியில் உப்பு டப்பாவைத் திறந்து, விரலில் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மூடிவிட்டாள்.

புது ரத்தப் பரிசோதனையில் தைராய்டும் குறைவு என்று வந்திருக்கிறது. பெரிய டாக்டர், அந்த மராத்தி அம்மா, மார்ச் இருபது வரை ஊரில் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற டாக்டர் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மார்ச் ஆறாம் தேதி முதல் போடச் சொன்னார்.

நீ எதையோ எழுதாமல் விட்டிருக்கிறாய். என்னிடம் சொல்ல முடியாதது என்ன இருக்கிறது?

இன்பநாதன்


தாபோடி
12 மார்ச் 2025

அக்கா, சுகமா? உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரரைத் தெருமுனையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. எந்தக் கடிதத்திலாவது வட்ட வட்டமான எழுத்து இருந்தால் அது என்னுடையது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தைராய்டு மாத்திரை ஆரம்பித்து ஆறு நாள் ஆகிறது. தெம்பு வரும் என்றார்கள். நேற்றிலிருந்து வாந்தி. எழுந்தால் கண் இருட்டுகிறதாம். அந்த டாக்டர், மாத்திரை உடம்புக்குப் பழக வேண்டும், பொறுங்கள் என்கிறார்.

கோபம் இருந்தால் பிறகு கோபித்துக்கொள். இப்போது எழுது.

இன்பம்


பாளையங்கோட்டை
14 மார்ச் 2025

இன்பம், நீ தனியாக இருக்கும்போது இதை வாசி. வாசித்ததும் கிழித்துப் போடு.

எழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்காதே. இதுதான் என் எழுத்து. இதுவரை நீ முறுக்கு என்று புகழ்ந்தது ஸ்நேஹாவின் எழுத்து. நான் சொல்ல அவள் எழுதுவாள். பேனா பிடித்தால் நாலு வரிக்குள் என் கை மடங்கிவிடும். வாதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதை மூன்று நாளாக எழுதுகிறேன். அவளிடம் சொல்லி எழுத முடியாது. அவளுக்குத் தெரியாது.

எனக்கு நாற்பத்தைந்து வயதில் பாராதைராய்டு போயிற்று. நம் உடம்பே அதைத் தின்றுவிட்டது என்றார்கள். கண்ணுக்குக் காட்டப் போகிறேன் என்று சொல்லி வருஷா வருஷம் திருவனந்தபுரத்துக்குப் போவது இதற்குத்தான். மகனுக்கு மட்டும் தெரியும். மாத்திரைகளை நூல்கண்டு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. நாலைந்து வருஷம் கழித்து எனக்கும் தைராய்டு குறைந்தது. மாத்திரை கொடுத்தார்கள். பத்தாவது நாள் நினைவு தப்பி விழுந்தேன். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இன்னொரு சுரப்பி இருக்கிறது. அதுவும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. அதைச் சரிக்கட்டாமல் தைராய்டு மாத்திரை கொடுத்தால் ஆளையே சாய்த்துவிடும் என்று பிற்பாடு சொன்னார்கள். விழுவதற்கு முன் எனக்கும் உப்பு கேட்டது. ஊறுகாய்த் தண்ணீரைக் குடித்தேன். முகம் கறுத்தது.

டானியாவின் உள்ளங்கையை விரித்துப் பார். ரேகைகள் மட்டும் மை ஓடியது போலக் கறுத்திருந்தால் ஒரு நிமிஷமும் நிற்காதே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் இந்தச் சுரப்பியைப் பார்க்கச் சொல். ஹைட்ரோகார்ட்டிசோன். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள். அந்த மருந்துதான் என்னை எழுப்பியது.

உன் கடிதத்தை நானே வாங்கி, ஸ்நேஹா கண்ணில் படாமல் ஒன்பது நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். ஸ்நேஹாவின் கல்யாணம் கண் முன்னால் நிற்கிறது. பாஸ்கர் வீட்டுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். அந்த ஒன்பது நாளுக்குத் தேவன் என்னை மன்னிக்கட்டும். நீ மன்னிப்பாயா தெரியவில்லை.

யாருக்கும் வாசித்துக் காட்டாதே.

கிருபா


தாபோடி
23 மார்ச் 2025

அன்புள்ள அக்கா, முதலில் இதைப் படி: டானியா உயிரோடு இருக்கிறாள். மற்றதை மெதுவாகப் படி.

பத்தொன்பதாம் தேதி காலை அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. ஆஸ்டின் ஷிப்டுக்குப் போயிருந்தான். ரீனா பாஸ்கருக்குப் போன் பண்ண, அவன் காரை எடுத்துக்கொண்டு வந்தான். அவளைத் தூக்கி உட்கார வைக்கும்போது தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் படுக்க வைத்தார்கள். பிரஷர் மிகவும் கீழே போயிருந்தது. டாக்டர் ஒரு சின்னப் பையன். என்ன மாத்திரை, எப்போதிருந்து என்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். நான் சுவரோரம் நின்று உன் கடிதத்தைப் பிரித்தேன். எழுத்தைப் பார்த்ததும் உன்னுடையது இல்லை என்று நினைத்தேன். பிறகு படித்தேன். தைராய்டு மாத்திரை என்ற இடத்துக்கு வந்ததும் மற்றதைப் படிக்க நிற்கவில்லை. டாக்டரிடம் போய், "என் அக்காவுக்கும் இது இருக்கு, இதுல எழுதியிருக்கா" என்று இந்தியில் சொன்னேன். "படியே, ஆஜோபா, ஜல்தி" என்றான். படியுங்கள் தாத்தா, சீக்கிரம் என்று.

அக்கா, ஜல்தி எனக்கு வராது. உனக்குத் தெரியும். ஒரு வரி, அதை இந்தியில் சொல்வது, அடுத்த வரி. சி, று, நீ, ர. எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். பாஸ்கர் பக்கத்தில் வந்து, "குடுங்க அண்ணாச்சி, நான் சட்டுனு வாசிச்சிருதேன்" என்று கையை நீட்டினான். நான் கடிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். யாருக்கும் காட்டாதே என்று நீ எழுதியதை அப்போது நான் இன்னும் படிக்கவே இல்லை. ஆனாலும் தெரிந்தது. தலையைத் திருப்பி டானியாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

கொடுத்துவிட்டேன், அக்கா.

வாங்கியவன் வாசிக்க முடியாமல் விழித்தான். "என்ன அண்ணாச்சி எழுத்து இது, கோழி கிண்டின மாதிரி?" என்றான். பல வருஷமாக அச்சு எழுத்தும் ஸ்நேஹாவின் எழுத்தும்தான் அவனுக்குப் பழக்கம். கோணல் எழுத்து எனக்குத்தான் பிடிபட்டது. என் எழுத்தே அப்படித்தானே. அவன் தடுமாறிய இடத்தில் எல்லாம் நான் சொன்னேன், நான் சொன்னதை அவன் சட்டென்று இந்தியில் சொன்னான். இரண்டு பேருமாகச் சேர்ந்து கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டோம். "பாஸ்கர் வீட்டுக்குத் தெரிந்தால்" என்ற வரியை அவன்தான் வாசித்தான். அதை இந்தியில் சொல்லவில்லை.

டாக்டர் டானியாவின் உள்ளங்கையை விரித்தான். ரேகை ஒவ்வொன்றும் ராஜி கரும்பலகையில் போடுகிற கோடு மாதிரி தனியாகத் தெரிந்தது, கறுப்பாக. நாங்கள் யாருமே அதைப் பார்த்ததில்லை. ரத்தம் எடுத்துக்கொண்டு, முடிவு வரக் காத்திராமல் நீ எழுதிய அந்த மருந்தையே ஊசியாகப் போட்டான். உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். மாலையில் ரீனாவிடம் "ஆயி, சாய்" என்று கேட்டாள். அம்மா, டீ. இரண்டே வார்த்தை.

நேற்று பெரிய டாக்டர் வந்தார். மூன்று சுரப்பியும் ஒரே காரணத்தால்தான் கெட்டது என்று இப்போது ஓரளவு உறுதியாகச் சொல்கிறார். உன் கடிதம் இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்துவிட்டு, முடிக்கவில்லை.

பாஸ்கர் அன்று ஆஸ்பத்திரியிலிருந்து போனவன் அதற்குப் பிறகு வரவில்லை. போனும் இல்லை. இன்று சர்ச்சில் வேறு வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

நீ கிழிக்கச் சொன்ன கடிதத்தை நான் கிழிக்கவில்லை. டாக்டர் நகல் எடுத்துக்கொண்டார். ஸ்நேஹாவின் வாழ்வில் மண் போட்டுவிட்டேனோ என்று இருக்கிறது. மன்னிப்பு நான்தான் கேட்க வேண்டும்.

உன் தம்பி
இன்பம்


பாளையங்கோட்டை
3 ஏப்ரல் 2025

அன்பான புனே தாத்தாவுக்கு ஸ்நேஹா எழுதுவது. டானியா தேறிவருகிறாள் என்று நினைக்கிறேன். ஆச்சி சொல்லாமல் நானாக எழுதும் முதல் கடிதம் இது.

உங்கள் கடிதத்தை வழக்கம்போல நான்தான் பிரித்தேன். நின்றபடியே முழுவதும் படித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த "நாலு, அரிசி அளவு" எழுதும்போதே எனக்கும் இடித்தது. ஏதோ பத்திரிகையில் படித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். இருபத்தினாலு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன், அந்த நூல்கண்டு டப்பாவை ஒரு தடவையும் திறந்ததில்லை.

ஆச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு, "அவன் மேல எனக்குக் கோவம் இல்லன்னு எழுது" என்றார்கள். நான் பேனாவை எடுத்ததும், "வேண்டாம், எழுதாத" என்றார்கள். இரண்டையும் எழுதிவிட்டேன்.

நிக்டிக்கு நானே போன் பண்ணி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் சொல்லிவிட்டுப் பேசுகிறேன் என்றார். ஆறு நாள் ஆகிறது. ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். கால்சியம் கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நோய் என்று இப்போது சொல்ல முடியாதாம், வருஷம் ஒருமுறை பார்க்க வேண்டுமாம். போன் மணி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

ஆச்சியின் மாத்திரைகள் இப்போது சாப்பாட்டு மேஜை மேல் இருக்கின்றன.

ஸ்நேஹா


தாபோடி
13 ஏப்ரல் 2025, குருத்தோலை ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கும் ஸ்நேஹாவுக்கும், டானியா வீட்டுக்கு வந்துவிட்டாள். இனி மாத்திரைகளை ஒருநாளும் விடக்கூடாது. நேற்று பிரஷர் பட்டையில் காற்றடித்தார்கள், கை மடங்கவில்லை. "தாத்தா, பென்சில் உங்களுக்கே" என்றாள்.

இன்று ஆராதனை முடிந்து பாஸ்கர் வீட்டுக்கு வந்தான். கையில் குருத்தோலை. உட்காரவில்லை. "நாப்பது வருசம் உங்க கடுதாசி வாசிச்சேன், அண்ணாச்சி. ஒரு வரி வெளிய போயிருக்கா?" என்றான்.

"இல்ல பாஸ்கர். ஆனா இது உன் வீட்டுக் காரியமும்தான" என்றேன்.

"அதான் இத்தன நாளும் முழிச்சேன். உங்க அக்கா பக்கமும் பேச முடியல, எங்க அண்ணன் பக்கமும் பேச முடியல. நான் வாயத் திறக்கதுக்கு முன்ன அந்தப் புள்ள போன் பண்ணிட்டு." பையன் யோசிக்கவில்லையாம், அவன் அம்மாதான் யோசிக்கிறாளாம். ஈஸ்டர் கழிந்து பையன் மட்டும் தனியாகப் பாளையங்கோட்டைக்கு வந்து பேசப் போகிறானாம். நல்லதா கெட்டதா தெரியாது என்று சொல்லிவிட்டு, பிறகுதான் உட்கார்ந்தான். டீயை ஆறவிட்டுக் குடித்தான்.

டாக்டர் அம்மா என்னிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். நம் குடும்பத்தார் பெயர், யாருக்கு என்ன நோய், எப்படி இறந்தார்கள், எல்லாம் ஒரு தாளில் வேண்டுமாம். ஆஸ்டின் இங்கிலீஷில் எழுதுகிறேன் என்றான். நான் விடவில்லை. நானே எழுதினேன், அவன் ஓரத்தில் மொழிபெயர்த்தான். அந்தக் கோப்பில் அத்தனை இங்கிலீஷுக்கு நடுவில் என் எழுத்து ஒரு பக்கம் இருக்கப்போகிறது. 'ஞ'வுக்கும் வேலை வந்துவிட்டது: ஞானம்மாள். அம்மாவின் பெயரில் அது இருந்ததை எழுதும்போதுதான் பார்த்தேன்.

அந்தப் பெயருக்கு எதிரே, காய்ச்சல் என்று எழுதப் பென்சிலை வைத்தேன். எழுதவில்லை. நான் புனே வந்த மறு வருஷம் அப்படித்தான் கடிதம் வந்தது. "அம்மா காய்ச்சலில் இறந்துபோனார்கள்" என்று ஒருவர் எனக்கு வாசித்துக் காட்டினார். அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அக்கா, காய்ச்சல்தானா? இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இன்பநாதன்


பாளையங்கோட்டை
24 ஏப்ரல் 2025

இன்பம், உயிர்த்தெழுந்தவரின் சமாதானம் உன் வீட்டில் இருக்கட்டும். என் கையால் எழுதுகிறேன். ஸ்நேஹா பக்கத்தில் இருக்கிறாள், எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். அந்தப் பையன் நாளை மறுநாள் வருகிறான். அவள் இப்போதே சேலையை எடுத்து வைப்பதும் திரும்ப உள்ளே வைப்பதுமாக இருக்கிறாள்.

அம்மாவுக்கும் முதலில் கைதான் மடங்கியது. பானையை இறக்கும்போது மடங்கிக்கொண்டு, கொதிக்கிற கஞ்சி காலில் கொட்டியது. பிறகு வலிப்பு வந்தது. அடுத்த வீட்டார் பேய் என்றார்கள். மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணினோம். டாக்டரிடம் போகவில்லை. நாலாம் நாள் விடியும் முன் அம்மா போய்விட்டாள். எனக்குக் கை மடங்கியபோதுதான் அது என்னவென்று எனக்கே தெரிந்தது.

உனக்குக் கடிதம் எழுதியது நான்தான். நடந்ததை நடந்தபடியே இரண்டு பக்கம் எழுதி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "இத அவனுக்கு அங்க யாரு வாசிச்சுக் காட்டுவா?" என்றார். எங்களுக்குத் தெரியவில்லை. பாஸ்கரைக்கூட அப்போது உனக்குப் பழக்கம் இல்லை. முகம் தெரியாத ஒருவன் கேட் பக்கத்தில் நின்று, பேய், வலிப்பு, கதவு என்று உன் அம்மாவை உனக்கு வாசித்துக் காட்டுவான் என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை. கிழித்துவிட்டு ஒரு வரி எழுதினேன். யார் வாசித்தாலும் நீ தாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு வரி.

அப்போது கிழித்த அந்த இரண்டு பக்கம்தான் இது. உனக்கு வர நாற்பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது.

அந்த இடத்தில் எழுதிவிடு, காய்ச்சல் இல்லை என்று. மெதுவாக எழுது. கை மடங்குகிறது, நிறுத்துகிறேன்.

கிருபா